மலிவும் பரக்கத்தும்: இணையவழிக் கொள்முதலில் சிக்கனம்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



நாம் கடைவீதிக்குச் சென்ற காலம் போய், கடைவீதியே நம் வீட்டுக்குள் வந்துவிட்ட காலத்தில் வாழ்கிறோம். புதுச்சேரி நகரின் வடபகுதியில், கடலை ஒட்டி அமைந்துள்ள குருசுக்குப்பத்திலிருந்து நேரு வீதிக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் அங்குள்ள தெருக்களிலும் இன்று பொட்டலங்களைச் சுமந்து வரும் ஊழியரின் வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பெருநாள் உடை முதல் சமையல் எண்ணெய் வரை எல்லாம் கைப்பேசியில் விரல் பட்டால் வந்து சேர்கின்றன.

ஏன் இணையத்தில் வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அங்கே விலை குறைவு." நல்லது. அப்படியானால் மாதக் கடைசியில் நம் வீட்டுச் செலவும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? பல குடும்பங்களில் அப்படி நடப்பதில்லை. தள்ளுபடிகள் கூடக் கூட, கடனும் கூடுகிறது; அலமாரியில் பயன்படாத பொருள்களும் கூடுகின்றன. எங்கே தவறுகிறோம்? மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது? இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மலிவாக வாங்குவதும் ஒரு நல்ல திறமையே

சிக்கனமாக வாங்குவதை மார்க்கம் இழிவாகக் கருதவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) என்னும் நபித்தோழரிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கி வருமாறு அனுப்பினார்கள். அவர் சந்தைக்குச் சென்று, அந்த ஒரு தீனாருக்கே இரண்டு ஆடுகளை வாங்கினார். அவற்றுள் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்தார். அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக அண்ணலார் துஆச் செய்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, விலை அறிந்து, சந்தை அறிந்து வாங்குவது பாராட்டுக்குரியது. இரண்டாவது, உர்வா (ரலி) அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை, பொய் சொல்லவில்லை, எந்தப் பொருளுக்காகச் சென்றார்களோ அந்தப் பொருளோடு திரும்பினார்கள். இந்த இரண்டும் ஒன்று சேரும்போதுதான் மலிவில் பரக்கத் இறங்குகிறது. நம் கைப்பேசிச் சந்தையிலும் இதுவே அளவுகோல்.

தேவையா? ஆசையா?

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. செலவு செய்யும்போது வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இடைப்பட்ட வழியில் நடப்பதை ரஹ்மானின் அடியார்களுடைய பண்பாக 25ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆகவே ஒரு பொருளைப் பாதி விலைக்கு வாங்கினோமா என்பது இரண்டாவது கேள்வி. அது நமக்குத் தேவையா என்பதே முதல் கேள்வி. தேவையில்லாத 1,000 ரூபாய்ப் பொருளை 500 ரூபாய்க்கு வாங்கியவர் 500 ரூபாயை மிச்சப்படுத்தவில்லை. 500 ரூபாயை இழந்திருக்கிறார்.

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒருமுறை இறைச்சி வாங்கிச் செல்வதை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். மனம் விரும்பியதையெல்லாம் வாங்கிவிடுவதா, அண்டை வீட்டாரையும் உறவினரையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா என்னும் கருத்தில் அவரைக் கேட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு வாங்கிய ஹலாலான இறைச்சிக்கே அந்தக் கேள்வி என்றால், நள்ளிரவில் படுக்கையில் இருந்தபடியே நாம் வாங்கிக் குவிப்பவற்றுக்கு எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றன!

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விரும்பிய பொருளை இணையக் கடையின் கூடையில் போட்டுவிட்டு, பணம் செலுத்தாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் குடும்பத்தாருடன் கலந்து பேசுங்கள். பொருளின் தேவை அப்போதும் மாறாமல் இருந்தால் வாங்குங்கள். மாதத் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்து, அந்தத் தாளில் உள்ளதை மட்டும் வாங்குவது இன்னும் நல்லது. பெருநாளுக்கான உடைகளை ரமலான் கடைசிப் பத்தில் அவசர அவசரமாகத் தேடுவோர் விலையையும் இழக்கின்றனர். இபாதத்துக்குரிய இரவுகளையும் இழக்கின்றனர். ஷஃபான் மாதத்திலேயே வாங்கி முடிப்பவருக்கு இரண்டும் மிச்சம்.

அடித்துக் காட்டப்படும் விலை

இணையக் கடைகளில் ஒரு பொருளுக்கு இரண்டு விலைகள் காட்டப்படும். ஒன்று கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று பெரிய எழுத்தில் இருக்கும். 60 சதவீதம் தள்ளுபடி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். இந்த அடிக்கப்பட்ட விலை பெரும்பாலும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி. ஆகும். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் வகுத்த உச்ச வரம்பு அது. எந்தக் கடையிலும் அந்த விலைக்குத்தான் பொருள் விற்கப்படுகிறது என்று பொருள் அன்று. 2,000 ரூபாய் எம்.ஆர்.பி. அச்சிடப்பட்ட பொருள், பக்கத்துக் கடையில் எப்போதும் 900 ரூபாய்க்கே கிடைத்துக் கொண்டிருக்கலாம். அதை 850 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கியவருக்கு உண்மையில் கிடைத்த தள்ளுபடி 50 ரூபாய் மட்டுமே.

ஆகவே தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கையிலிருந்து போகும் இறுதித் தொகையைப் பாருங்கள். அதை வேறு இரண்டு தளங்களோடும், நம் ஊர்க் கடை ஒன்றோடும் ஒப்பிடுங்கள். பெரிய விற்பனை நாள் வருகிறது என்றால், ஒரு மாதத்துக்கு முன்பே அந்தப் பொருளின் விலையைக் குறித்து வையுங்கள். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஃபிளிப்கார்ட் நிறுவனம் நாடு தழுவிய பெருவிற்பனை ஒன்றை நடத்தியது. விற்பனைக்குச் சற்று முன்பு சில பொருள்களின் விலை உயர்ந்திருந்ததாகவும், பல பொருள்கள் உடனே தீர்ந்துவிட்டதாகவும் வாடிக்கையாளர்கள் குறை கூறினர். அடுத்த நாளே அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினர். விலையைக் குறித்து வைத்திருந்தவர்களால்தான் அந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

பொட்டலத்தின் அளவிலும் கவனம் வேண்டும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று எண்ணுகிறோம். ரமலானுக்காகப் பேரீச்சம்பழம் வாங்குவதாக வைத்துக் கொள்வோம். 500 கிராம் 140 ரூபாய். 900 கிராம் 261 ரூபாய். முதலாவதில் 100 கிராமின் விலை 28 ரூபாய். இரண்டாவதில் 29 ரூபாய். பெரியதை வாங்கியவரே கூடுதல் விலை கொடுக்கிறார். ஒரு கிராமுக்கு அல்லது ஓர் எண்ணிக்கைக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தின் மீது அச்சிட வேண்டும் என்று சட்டம் இப்போது கூறுகிறது. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்போம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. விற்பவர் அளவில் நேர்மையாக இருக்க வேண்டும். வாங்குபவர் அளவில் விழிப்பாக இருக்க வேண்டும்.

மனத்தை மயக்கும் உத்திகள்

"இன்னும் இரண்டே மீதமுள்ளன", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்றெல்லாம் திரையில் கடிகாரம் ஓடும். நாம் சிந்திக்க நேரம் தராமல் இருப்பதே இதன் நோக்கம். வாங்குபவரை இவ்வாறு திசைதிருப்பும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடைசெய்யும் வழிகாட்டு நெறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளியிட்டது. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே அறிந்து கொள்வோம்.

முதலாவது, பொய்யான அவசரம்: மேலே சொன்ன கடிகாரம் போன்றது. இரண்டாவது, நாம் கேட்காமலே கூடையில் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துவிடுவது: காப்பீடு, நன்கொடை போன்றவை. மூன்றாவது, முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் செலுத்தும் கட்டத்தில் கட்டணம் கட்டணமாகக் கூட்டுவது. நான்காவது, இலவசம் என்று சந்தாவில் சேர்த்துவிட்டு, வெளியேறும் வழியை மறைத்து வைப்பது. பணம் செலுத்தும் முன் இறுதிப் பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தால் இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பிவிடலாம்.

இலவச விநியோகம் என்பதும் பலரை ஏமாற்றுகிறது. நமக்கு வேண்டிய பொருள் 360 ரூபாய். விநியோகக் கட்டணம் 40 ரூபாய். 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கட்டணம் இல்லை என்கிறார்கள். உடனே 150 ரூபாய்க்கு வேண்டாத ஒன்றைச் சேர்த்து 510 ரூபாய் ஆக்குகிறோம். 400 ரூபாயில் முடிய வேண்டிய செலவு 510 ரூபாய் ஆயிற்று; 40 ரூபாயைக் காப்பாற்றப் போய் 110 ரூபாய் போயிற்று. இத்தகைய நேரத்தில், தெருவிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தங்கள் தேவைகளை ஒரே ஆர்டராக வாங்கிக் கொள்ளலாம். கணக்கைத் தெளிவாக எழுதி வைத்துக் கொண்டால், பணமும் மிஞ்சும். அண்டை வீட்டார் உறவும் வளரும்.

வட்டியில்லாத் தவணை என்னும் வலை

அருமைச் சகோதரர்களே! இனி நாம் பார்க்கப் போவது பணத்தோடு ஈமானையும் தொடுகின்ற செய்தி. வணிகத்தை அல்லாஹ் ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கி இருக்கிறான் என்பதை 2ஆம் அத்தியாயம் தெளிவாகக் கூறுகிறது. வட்டிக் கடைக்குச் செல்ல அஞ்சும் நம் இளைஞர்கள் கூட, கைப்பேசித் திரையில் "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்று கண்டவுடன் தயங்காமல் அழுத்திவிடுகின்றனர். செலவில்லாத் தவணை, வட்டியில்லாத் தவணை என்று அதற்குப் பெயர். உள்ளே நடப்பது என்ன?

ஒரு கைப்பேசியின் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் செலுத்தினால் போதும் என்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 24,000 ரூபாய்தான். ஆனால் வங்கி அந்தக் கடனுக்கு வட்டி வாங்காமல் இல்லை. ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால், விற்பனையாளர் சுமார் 1,016 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். வங்கி ஏறத்தாழ 22,984 ரூபாயைக் கடனாக எழுதி, அந்த 1,016 ரூபாயை வட்டியாக நம்மிடம் வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 183 ரூபாய், நம் தலையில் விழுகிறது. நடைமுறைக் கட்டணம் 199 ரூபாய் என்றால், அதற்கும் வரி சேர்த்து 235 ரூபாய். ஆக 400 ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்துகிறோம். ரொக்கமாக வாங்குவோருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால் அதையும் இழக்கிறோம். ஒரு தவணை தவறினால் அபராதமும் வட்டியும் தொடரும்.

இதைக் கடுமையான ஆலிம்களின் கருத்து என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. இந்திய ரிசர்வ் வங்கியே 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்பது உண்மையில் இல்லாத ஒன்று என்றும், கடன் அட்டை நிலுவைகள் மீதான அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. வட்டியைப் பாவமாகக் கருதாத ஒரு நிறுவனமே இதை வட்டி என்று சொல்லும்போது, வட்டியைப் பெரும்பாவமாக நம்பும் நாம் பெயரைக் கண்டு மயங்கலாமா?

அப்படியானால் தவணையில் வாங்குவதே கூடாதா? அப்படி அன்று. ஒரு விற்பனையாளர், ரொக்கத்துக்கு ஒரு விலையும் தவணைக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு விலையும் சொல்லி, வாங்குபவர் அவற்றில் ஒன்றை ஏற்று, விலை முடிவாகிவிட்டால், அது வணிகம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் இதை அனுமதித்துள்ளனர். காலம் தவறினால் தொகை கூடாது என்பது இதில் முக்கியம். இடையில் ஒரு வங்கி பணத்தைக் கடனாகக் கொடுத்து, அதன் மீது வட்டி எழுதினால் அது வேறு. ஐயம் உள்ளவர்கள் தம் பகுதி ஆலிம்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டித் தெளிவு பெறட்டும்.

நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அல்லாஹ்விடம் அடிக்கடி பாதுகாவல் தேடுவார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வதற்கும் வாக்களித்தால் மாறு செய்வதற்கும் ஆளாகிறான் என்னும் கருத்தில் விளக்கம் அளித்தார்கள். ஆகவே 24,000 ரூபாய்க் கைப்பேசி வேண்டும் என்போர், மாதம் 4,000 ரூபாயை முதலில் ஆறு மாதம் சேர்த்து வைத்துவிட்டுப் பின்னர் வாங்கட்டும். தொகை ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஒருவர் கடனாளியாக உறங்குகிறார். மற்றவர் நிம்மதியாக உறங்குகிறார்.

நட்சத்திரங்களை நம்பலாமா?

வாங்கும் எண்ணம் இல்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு, பிறரை வாங்கத் தூண்டும் செயலுக்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள். பொருளைப் பயன்படுத்தாமலே காசு பெற்றுக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவதும், புகழ்ந்து எழுதுவதும் இதே இனத்தைச் சேர்ந்த மோசடிகளே. வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று நம் பிள்ளைகளைச் சிலர் இவ்வேலைக்கு அழைக்கின்றனர். அந்த வருமானம் ஹலால் ஆகாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். இணைய விமர்சனங்களை எவ்வாறு நேர்மையாகத் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. ஆயினும் வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்கள் என்ன எழுதியுள்ளனர் என்று படியுங்கள். குறைகள் அங்கேதான் தெரியும்.

விலைக் குறைவுக்காக உயிரோடு விளையாடக் கூடாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கட்டாயத் தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடமளித்ததற்காக அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. முதலாவது தளத்தில் விற்ற 2,265 குக்கர்களையும், இரண்டாவதில் விற்ற 598 குக்கர்களையும் வாங்கியோருக்குத் தகவல் தெரிவித்து, அவற்றைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தருமாறும் கூறியது. அடுப்படியில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களின் பாதுகாப்பு சில நூறு ரூபாய்களைவிடப் பெரிது. குக்கர், தலைக்கவசம், மின் சாதனங்கள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அமானிதமும்

வணிகத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்டு வந்த ஒரு தோழருக்கு, மோசடி கூடாது என்று சொல்லி வாங்குமாறும், மூன்று நாள் வரை பொருளை ஏற்கவோ திருப்பித் தரவோ உரிமை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். பொருளில் குறை இருந்தால் திருப்பித் தரும் உரிமையை எல்லா மத்ஹபுகளும் ஏற்கின்றன. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ ஹனஃபி மத்ஹபில் உரிமை உண்டு. இன்றைய சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுக் கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

பொட்டலம் வந்தவுடன், பிரிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பில்லைப் பாதுகாத்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பயன் இல்லையெனில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நம் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு, பணம் போயிற்றே என்று வருந்துவது சிக்கனம் ஆகாது.

ஆனால் இந்த உரிமைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெருநாளன்று உடுத்திவிட்டு மறுநாள் "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புவோர் இருக்கின்றனர். புதிய பொருளை எடுத்துக் கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து அனுப்புவோரும், வந்த பொருளை வரவில்லை என்போரும் உள்ளனர். முதல் முறை வாங்குவோருக்கான சலுகையைப் பெறுவதற்காகப் பொய்யான பெயர்களில் ஐந்து கணக்குகள் தொடங்குவோரும் உண்டு. பெரிய நிறுவனம்தானே, அதற்கு என்ன இழப்பு என்கிறார்கள். அந்த உடையை விற்றவர் திருப்பூரிலோ சூரத்திலோ சிறு தொழில் நடத்தும் ஒருவராக இருக்கலாம். இழப்பு அவர் குழந்தைகளின் உணவில் விழலாம். அப்படி இல்லாவிட்டாலும், பொய் பொய்தான், மோசடி மோசடிதான்.

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள்; உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் வரும் இந்த எச்சரிக்கையை வியாபாரிகளுக்கு உரியது என்றே கேட்டுப் பழகிவிட்டோம். வாங்குபவர் செய்யும் மோசடிக்கும் அது பொருந்தும். 300 ரூபாயை மிச்சப்படுத்த அண்ணலாரின் கூட்டத்திலிருந்து வெளியேறுவது எத்தனை பெரிய நஷ்டம்!

மோசடிக்காரர்களிடம் எச்சரிக்கை

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு போலி இணையதளங்களால் வருகிறது. 40,000 ரூபாய்ப் பொருள் 2,000 ரூபாய்க்கு என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு வந்தால், அதைத் தொடாதீர்கள். பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதும் பொய்யில் பங்கு கொள்வதே. நிறுவனத்தின் உதவி எண்ணைப் பொதுத் தேடலில் தேடாமல், அதன் செயலிக்குள்ளேயே பாருங்கள். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் பணத்தை எடுக்கவே கேட்கிறார். ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள். வெளிநாட்டில் உழைக்கும் கணவரோ மகனோ அனுப்பும் பணத்தை வீட்டில் கையாளும் சகோதரிகள் இதை நன்கு மனத்தில் கொள்ளட்டும். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நம் ஊர்க் கடைகளும் ஒரு ஹக்கு

ஒரு காலத்தில் வரி குறைவு என்பதால் அண்டை மாவட்டத்து மக்கள் புதுச்சேரிக்கு வந்து மின் சாதனங்கள் வாங்கிச் சென்றதுண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ஜி.எஸ்.டி. வந்த பின் நாடெங்கும் வரி ஒன்றாயிற்று. இப்போது நம் ஊர்க் கடைக்காரர் இணையக் கடைகளோடு போட்டியிட வேண்டிய நிலையில் இருக்கிறார். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், பெரிய மார்க்கெட்டிலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம், விலை பேசலாம். இணையத்தில் கண்ட விலையைப் பண்போடு எடுத்துச் சொன்னால், அதே விலைக்கோ சற்று ஏறக்குறையவோ தருபவர்கள் பலர் உண்டு. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் கிடைக்க நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்துள்ளார்கள்.

கடையில் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டு, பொருளைப் போட்டுப் பார்த்து, அவருடைய உழைப்பை வாங்கிக் கொண்டு, வாசலில் நின்றபடியே இணையத்தில் ஆர்டர் போடுவது முஸ்லிமின் பண்பு ஆகாது. நம் வீட்டு ஜனாஸாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து நிற்பவர் அந்தக் கடைக்காரரே. வித்தியாசம் 10, 20 ரூபாய் என்றால், அதை அவருக்கு விட்டுக்கொடுப்பதிலும் நன்மை உண்டு.

மிச்சமான பணம் எங்கே?

அன்பிற்குரியவர்களே! செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவு செய்தாய் என்னும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மறுமை நாளில் எந்த மனிதனின் பாதமும் நகராது என்று நபிமொழி கூறுகிறது. நம் ஆர்டர்களின் பட்டியல் கைப்பேசியில் அழியாமல் இருக்கிறது. ஒருநாள் குடும்பத்தோடு அமர்ந்து, கடந்த ஆறு மாதப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எவை இன்றும் பயன்படுகின்றன? எவை ஒரு மூலையில் கிடக்கின்றன? எவற்றுக்கு இன்னும் தவணை ஓடுகிறது? அந்தக் கணக்கு நமக்கு நூறு பயான்களைவிடத் தெளிவாகப் பாடம் சொல்லும்.

மிச்சப்படுத்திய பணத்துக்கும் ஒரு நிய்யத் வையுங்கள். வேண்டாம் என்று விட்ட ஒவ்வொரு பொருளின் விலையிலும் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். பிறகு பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் மருத்துவம், ஏழை உறவினரின் தேவை என்று அது செல்லட்டும். ஹலாலான வழியில் மிச்சமாகி, ஹலாலான வழியில் செலவாகும் பணத்தில்தான் உர்வா (ரலி) அவர்களுக்குக் கிடைத்ததைப் போன்ற பரக்கத்தை நாம் எதிர்பார்க்க முடியும்.

வல்ல ரஹ்மான் நம்மை வட்டியிலிருந்தும் கடனிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் காப்பானாக! வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மையாளர்களாக நம்மை ஆக்குவானாக! நம் குடும்பங்களின் ரிஜ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.